நாணய மோதிரம் செய்யும் தொடக்கக் கிட்: எதில் காசு போடலாம், எதில் வேண்டாம்

வெள்ளி நாணயத்தின் நடுவில் ஓட்டை போட்டு, மிச்ச வளையத்தை மெல்ல மடித்து, எழுத்தும் படமும் அழியாமல் மோதிரமாக்கும் வேலைக்கென்றே இப்போது கருவிப் பெட்டிகள் வருகின்றன. அமெரிக்க நாணயங்களை மனதில் வைத்துச் செய்தவை இவை. அச்சுகளின் அளவெல்லாம் கால் டாலர், அரை டாலர், ஒரு டாலர் என்றே இருக்கும். இங்கே பார்ப்பது பெயர்ப் பொறிப்பு இல்லாமல் பல கடைகளில் விற்கும் தொடக்கநிலை கிட். பெட்டிக்குள் இருப்பவை: நாணயத்தை நடுவில் பிடிக்கும் கூடும், ஓட்டை வெட்டும் மூன்று எஃகு பஞ்சுகளும் (9.5, 12.7, 15.9 மி.மீ.), மடிப்பதற்கான ஒரு கூம்பு டை (அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு), 17 டிகிரி சாய்வில் இருபுறமும் குடைந்த ஒரு சுருக்கு டை, டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் இரண்டு தள்ளுதண்டுகள், மோதிரத்தை மாட்டி விரிக்க அளவு பொறித்த ஒரு எஃகுக் கம்பி, அதாவது மாண்ட்ரல். சூடுபோடும் தீ டார்ச் கிடையாது, அழுத்தும் பிரஸ் கிடையாது. இரண்டும் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்பதைப் பெட்டியின் மேல் எங்கும் எழுதவில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிப்பாய்களும் மாலுமிகளும் நாணயத்தைச் செங்குத்தாகப் பிடித்து, விளிம்பைக் கரண்டியால் தட்டித் தட்டியே மோதிரம் செய்தார்கள். அந்த முறைக்கு ஒரு கரண்டியும் பொறுமையும் போதும். ஆனால் தட்டத் தட்ட விளிம்பு அகன்று, வெளிப்புறம் வழுவழுப்பான பட்டையாகிவிடும். நாணயத்தின் எழுத்து மோதிரத்தின் உட்புறத்தில்தான் தங்கும். எழுத்து வெளியே தெரிய வேண்டுமென்றால் மடிப்பு முறைதான் வழி, அதற்குத்தான் இந்த டைகள்.

வாங்கும் முன் புரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அரை டாலரின் விட்டம் 30.6 மி.மீ., 12.7 மி.மீ. ஓட்டை போட்டால் மிச்சமிருக்கும் வளையத்தின் அகலம் ஏறத்தாழ 9 மி.மீ. மோதிரப் பட்டையின் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். கால் டாலர் 24.3 மி.மீ., அதில் 9.5 மி.மீ. ஓட்டைக்கு 7.4 மி.மீ. பட்டை. ஓட்டை பெரிதானால் பட்டை ஒடுங்கும், மோதிரம் பெரிய அளவுக்கு எளிதாகப் போகும். சிறிதானால் படம் அதிகம் நிற்கும், ஆனால் உலோகம் அதிகம் இழுபட வேண்டும். மோதிரத்தின் உள்விட்டம் 19.8 மி.மீ. (அமெரிக்க அளவு 10, நம் நகைக்கடை அளவில் 22) வேண்டுமென்றால், 12.7 மி.மீ. ஓட்டை 20 மி.மீ. வரை விரிய வேண்டும். அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். அதே சமயம் 30.6 மி.மீ. விளிம்பு சுமார் 24 மி.மீ.க்கு ஒடுங்க வேண்டும். ஒரு ஓரம் இழுபடுகிறது, மறு ஓரம் நெருக்கப்படுகிறது. இந்த வேலையில் வரும் விரிசல், கோணல், சுருக்கம் எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு இழுபறிதான்.

அதனால்தான் கிட்டிலேயே முக்கியமான பாகம் பளபளக்கும் டைகள் அல்ல, பஞ்ச் கூடு. வருத்தம் என்னவென்றால், தயாரித்தவர்கள் கஞ்சத்தனம் காட்டியிருப்பதும் அங்கேதான். அரை டாலருக்கான குழியை 31.0 மி.மீ.க்குக் கடைந்திருக்கிறார்கள். 30.6 மி.மீ. நாணயம் அதில் 0.4 மி.மீ. ஆடும், நடுப்புள்ளி 0.2 மி.மீ. வரை விலகலாம். 0.2 என்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஓட்டை 0.2 விலகினால் ஒரு பக்கம் பட்டை 0.2 கூடும், எதிர்ப்பக்கம் 0.2 குறையும், வித்தியாசம் 0.4 மி.மீ. மோதிரத்தை மேசையில் நிறுத்தினால் சாய்ந்து நிற்கும். அதை அராவிச் சமப்படுத்தப் போனால் விளிம்பின் வரிப்பற்கள் போய்விடும். தேய்ந்த நாணயமானால் ஆட்டம் இன்னும் கூடும்.

இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. நாணயத்தின் விளிம்பைச் சுற்றி சாதாரண செல்லோ டேப்பை, விளிம்பு அகலத்துக்கு நறுக்கி, நான்கு சுற்று ஒட்டினால் பக்கத்துக்கு ஏறத்தாழ 0.2 மி.மீ. நிரம்பும். நாணயம் குழிக்குள் இறுக்கமாக உட்காரும். ஒட்டும்போது டேப் மடியக் கூடாது, ஒரு இடத்தில் மடிந்தால் மறுபடி விலகல்தான். ஓட்டை போட்டதும் டிஜிட்டல் காலிப்பரால் வளையத்தின் அகலத்தை நான்கு இடத்தில் அளக்கவும். வித்தியாசம் 0.15 மி.மீ.க்கு மேல் இருந்தால் அந்த நாணயத்தோடு மேற்கொண்டு மல்லுக்கட்டாமல் ஒதுக்குவது நல்லது.

பஞ்சுகளின் எஃகு மோசமில்லை. பஞ்சுக்கும் கீழ்த் துளைக்கும் இடையிலான இடைவெளிதான் சீராக இல்லை. நாணயத் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 2.15 மி.மீ. தடிப்புள்ள அரை டாலருக்குப் பக்கத்துக்கு 0.1 மி.மீ., இருந்தால் வெட்டு சுத்தமாக விழும். 12.7 பஞ்ச் அந்தக் கணக்குக்குள் வருகிறது. 15.9 பஞ்ச் தளர்வு. அதில் போட்ட ஓட்டையின் அடியில் முள் போலப் பிசிறு நிற்கிறது, நாணயமும் லேசாகக் குழிந்துவிடுகிறது.

கிட்டோடு வரும் தாளில் ஒரு தவறான அறிவுரையும் இருக்கிறது. முதலில் நாணயத்தைச் சூடுபோட்டு மென்மையாக்கிவிட்டு ஓட்டை போடச் சொல்கிறது. செய்யாதீர்கள். நாணயச்சாலையில் அடித்த இறுக்கத்தோடு இருக்கும்போதுதான் உலோகம் கத்தரித்தாற்போல் வெட்டுப்படும். இளகிய நாணயம் பஞ்சோடு சேர்ந்து கீழே இழுபட்டுக் குழியும். முதலில் ஓட்டை, பிறகு சூடு.

ஓட்டை போட எவ்வளவு பலம் வேண்டும்? 12.7 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு 40 மி.மீ., தடிப்பு 2.15. ஏறத்தாழ 86 சதுர மி.மீ. வெள்ளியை ஒரே தள்ளலில் வெட்ட வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு டன் ஆர்பர் பிரஸ் (கைப்பிடியை இழுத்து அழுத்தும் பிரஸ்) இதற்குத் திணறும். கால் டாலரோடு அது நின்றுகொள்ளட்டும். லாரி ஷெட்டில் கிடக்கும் பாட்டில் ஜாக்கை இரும்புச் சட்டத்தில் பொருத்தினால் அரை டாலருக்கு வசதி. சுத்தியல்தான் இருக்கிறது என்றால் ஒன்றரை கிலோ சுத்தியல், கனமான பட்டடை, தயங்காத ஒரே அடி. பத்துச் சின்ன அடிகள் போட்டால் பஞ்ச் துள்ளித் துள்ளி ஓட்டையின் ஓரம் படிக்கட்டாகிவிடும். வெட்டுப்பட்டு விழும் வில்லையை எறிய வேண்டாம், அரை டாலரில் அது இரண்டு கிராமுக்கு மேல் வெள்ளி.

அடுத்த வேலை பலரும் தாண்டிப் போவது: பிசிறு எடுப்பது. ஓட்டையின் இரு ஓரத்தையும் அரைவட்ட அரத்தால் உருட்டி, 400 நம்பர் உப்புத்தாள், பிறகு 800 போட்டு, விரல் வைத்தால் எதுவும் தட்டுப்படாத அளவுக்கு வழவழப்பாக்க வேண்டும். ஒன்றரை மடங்கு இழுபடப் போகிற ஓரம் அது. அங்கே ஒரு சின்னக் கீறல் இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். மோதிரம் முக்கால்வாசி முடிந்த நேரத்தில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு வெடிப்பவை பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்தவை.

சூடுபோடுவதை, அதாவது அனீலிங்கை, நம் ஊர் ஆசாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக வருபவர்களுக்காக: 90 சதவீத வெள்ளி நாணயத்தை 650 டிகிரி செல்சியஸ் அருகே கொண்டுபோக வேண்டும். அறை விளக்கை அணைத்தால்தான் அந்த மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியும். வெயிலில் வைத்துச் செய்தால் சிவப்பு தெரிவதற்குள் சூடு எல்லை மீறியிருக்கும். இந்தக் கலவை 779 டிகிரியில் இளகி உருகத் தொடங்கும். அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் முதலில் பலியாவது மெல்லிய எழுத்துகளும் தலைமுடிக் கோடுகளும். தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் வட்டமாக ஓட்டவும். கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் அது எரிந்து மறைவது ஓர் அடையாளம். சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் போடலாம். மடிப்பதற்கு முன் ஒருமுறை, பாதி மடிந்ததும் ஒருமுறை, திருப்பிப் போட்டுச் சுருக்கும் முன் ஒருமுறை என மூன்று தடவை குறைந்தபட்சம். பிரஸ் கைப்பிடி திடீரென்று கனக்கிறதென்றால் உலோகம் இறுகிவிட்டது என்று அர்த்தம், நான்காவது தடவைக்குக் கஞ்சம் பார்க்க வேண்டாம்.

மீதிப் பத்து சதவீதம் செம்பு என்பதால் ஒவ்வொரு சூட்டிலும் கறுப்புப் படலம் வரும். சூடுபோடும் முன் வெங்காரக் கரைசல் தடவினால் பாதி குறையும். வந்ததைப் போக்கப் புளிக்கரைசலில் கொதிக்கவிட்டாலே போதும், நகைப்பட்டறைகளில் காலங்காலமாக நடப்பதுதான். ஆசிட் பயன்படுத்துபவர்கள் இரும்பு இடுக்கியை அதற்குள் விட வேண்டாம். கரைசலில் சேர்ந்திருக்கும் செம்பு வெள்ளியின் மேல் பூசிக்கொள்ளும்.

இனி டைகள். இங்கே கிட்டுக்கு நல்ல மதிப்பெண் போடலாம். மடிப்பு டையின் உட்சுவர் கண்ணாடி போல மெருகேறியிருக்கிறது. நாணயம் உரசிப் போகும் இடம் அதுதான் என்பதால் இந்த மெருகுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. டையின் பக்கமாகக் கவிழ்த்து வைக்கும் முகம்தான் மோதிரத்தின் வெளிப்புறமாக வரும். பலர் இதை மாற்றி வைத்துவிட்டு, தலையைப் பார்த்துச் செய்தேன், கழுகு வெளியே வந்துவிட்டது என்பார்கள். டையின் சுவரில் தேன்மெழுகோ கிரீஸோ மெல்லத் தடவி, டெல்ரின் தண்டால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ஒவ்வோர் அழுத்தலுக்கும் நாணயத்தைக் கால்வட்டம் திருப்ப வேண்டும். திருப்பாமல் ஒரே மூச்சில் இறக்கினால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு இறங்கி, கூம்பு கோணிப்போகும். கோணிய கூம்பைப் பிறகு நிமிர்த்துவது குதிரைக்கொம்பு.

கூம்பு உருவானதும் இரண்டு வேலை மிச்சம். ஓட்டைப் பக்கத்தை மாண்ட்ரலில் விரிக்க வேண்டும், அகன்ற விளிம்புப் பக்கத்தைச் சுருக்கு டையில் ஒடுக்க வேண்டும். கிட்டின் மாண்ட்ரல் இதற்குப் போதாது. அது வெறும் சாய்வுக் கம்பி. அதில் மோதிரத்தைப் போட்டுக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கினால் விரியும், ஆனால் மறுபடி கூம்பாகவே விரியும். அடிக்கொரு தரம் கழற்றித் திருப்பிப் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். மர அல்லது நைலான் சுத்தியலுக்குப் பதில் இரும்புச் சுத்தியல் பட்டால் எழுத்து நசுங்கிவிடும்.

17 டிகிரி சுருக்கு டை அரை டாலருக்கு அளவாக இருக்கிறது. விளிம்பு ஒடுங்கும்போது அந்தப் பக்கம் உலோகம் தடிக்கும், ஓட்டைப் பக்கம் மெலியும். முடிந்த மோதிரத்தில் இரண்டு ஓரமும் ஒரே தடிப்பில் இருக்காது. அது குறையல்ல, முறையின் இயல்பு. டைக்குள் அழுத்தமாக இறக்கினால் விளிம்பின் வரிப்பற்கள் தேய்ந்து மழுங்கும். பற்கள் வேண்டுமென்றால் கடைசி இரண்டு அழுத்தலுக்கு முன் புதிதாகச் சூடுபோட்டு, மெழுகை மாற்றி, மெதுவாக முடிக்கவும். கால் டாலருக்கு இதே டை கொஞ்சம் பெரிது. சிறிய மோதிரம் டையின் அடிப்பகுதிக்குப் போய் அங்கே ஆட இடம் பிடித்துக்கொள்கிறது.

டெல்ரின் தண்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உட்புறப் படத்தைக் காப்பாற்றுவது இந்தப் பிளாஸ்டிக்தான். நல்ல பொருள், ஆனால் பத்திருபது மோதிரத்துக்குப் பிறகு நுனி காளான் போல விரியும். லேத்தில் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம். சூடு ஆறாத நாணயத்தின் மேல் வைத்தால் 175 டிகிரிக்குள்ளேயே உருகும். கருகினால் வரும் புகையில் ஃபார்மால்டிஹைட் இருக்கும், கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும். நாணயத்தைத் தண்ணீரில் போட்டுத் துடைத்த பிறகே தண்டை எடுக்கவும்.

எந்த நாணயம் என்பதற்கு வருவோம். அமெரிக்காவில் 1964 வரை அடித்த கால் டாலரும் அரை டாலரும் 90 சதவீத வெள்ளி, இந்த வேலைக்கு அவைதான் வெண்ணெய். 1965 முதல் 1970 வரையான கென்னடி அரை டாலரில் 40 சதவீத வெள்ளி, அடுக்கடுக்காக ஒட்டியது. மடியும், ஆனால் ஓரத்தில் நிறம் வேறாகத் தெரியும். 1965 முதல் புழக்கத்துக்கு வந்த கால் டாலர் செம்பின் மேல் செம்பு-நிக்கல் தகடு போர்த்தியது. மலிவு என்பதால் பழகுவதற்கு நல்லது. அணிவதற்கு இரண்டு தொல்லை: நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அரிப்பு, ஓட்டை ஓரத்தில் வெளிப்படும் செம்பால் விரலில் பச்சைக் கறை. 1999 முதல் 2008 வரை வந்த மாநிலக் கால் டாலர்களில் மேலே மாநிலத்தின் பெயரும் கீழே ஆண்டும் விளிம்போரம் இருப்பதால் எழுத்து வளையமாக அழகாக நிற்கும், நடுப்படம் மட்டும் ஓட்டையோடு போகும். 1932-இல் D, S என்ற நாணயச்சாலை முத்திரையோடு வந்த வாஷிங்டன் கால் டாலர் போன்ற அரியவற்றில் ஓட்டை போடுவது மகா பாவம். வாங்கிய குவியலில் ஆண்டையும் முத்திரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் விட்டம் 30.5 மி.மீ. அரை டாலர் குழியிலும் டையிலும் அப்படியே உட்காரும். எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கத்தை வெளியே வைத்து மடித்தால் ஓரத்துப் பூங்கொடி முழு வளையமாக வரும். நடுவில் இருக்கும் எழுத்தும் ஆண்டும் போய்விடும், அல்லது அரைகுறையாக நிற்கும். 1940 முதல் 1945 வரையான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். சூட்டில் அதிகம் கறுக்கும், சீக்கிரம் இறுகும். நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருளாகக் கருதப்படும் என்பதையும் நினைவில் வைக்கவும். அவற்றை நாட்டுக்கு வெளியே விற்று அனுப்ப முடியாது.

இன்று செல்லுபடியாகும் இந்திய நாணயத்தில் கை வைக்கவே கூடாது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் அவற்றை உருக்குவதையும் சிதைப்பதையும் தடை செய்கிறது, ஏழாண்டு வரை சிறை உண்டு. கனடாவிலும் புழக்க நாணயத்தைப் பணமாகத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்த உரிமம் வேண்டும். டொரொன்டோவில் இருப்பவர்கள் அமெரிக்க நாணயத்துக்குப் போவது அதனால்தான். அமெரிக்கச் சட்டம் மோசடி நோக்கத்தோடு நாணயத்தை மாற்றுவதைத்தான் தடுக்கிறது, மோதிரம் அதில் வராது.

மெருகு வேலைக்குக் கிட்டில் எதுவும் இல்லை, தேவையும் இல்லை. இரண்டு ஓரத்தையும் தட்டையான பலகையில் ஒட்டிய 600, பிறகு 1000 நம்பர் தாளில் எட்டு வடிவத்தில் தேய்த்தால் சமமாகும். எழுத்து எடுப்பாகத் தெரிய முழு மோதிரத்தையும் கறுக்கவிட்டு மேடுகளை மட்டும் துடைக்க வேண்டும். பொட்டாசியம் சல்ஃபைடு கரைசல் சில நொடிகளில் கறுக்கும். அது வேண்டாமென்றால் வேகவைத்த முட்டையை மசித்து மோதிரத்தோடு ஒரு மூடிய டப்பாவில் வைத்தாலும் முட்டையின் கந்தகம் அதே வேலையை நிதானமாகச் செய்யும். சல்ஃபைடு கரைசலை ஆசிட் பக்கம் கொண்டுபோகாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். ஆசிடில் போட்ட மோதிரத்தைச் சமையல் சோடாத் தண்ணீரில் கழுவிய பிறகே கறுக்க வைக்கவும்.

அளவு எடுக்கும்போது ஒன்று. எட்டு, ஒன்பது மி.மீ. அகலப் பட்டை விரலை அதிகம் பிடிக்கும். மெல்லிய மோதிரத்துக்கு எடுத்த அளவைவிட அமெரிக்கக் கணக்கில் அரை அளவு கூட்டி முடிக்கவும்.

பணத்தை எங்கே போடுவது என்றால்: பஞ்ச் கூட்டைத் தனியாக, உங்கள் நாணயத்தின் விட்டத்துக்கே கடைந்து தருபவரிடம் வாங்குங்கள். லேத் பட்டறையில் 30.7 மி.மீ.க்கு ஒரு ஸ்லீவ் (நாணயத்தைப் பிடிக்கும் உறை) கடையச் சொன்னாலும் நடக்கும். டை இரண்டும் இந்தக் கிட்டிலிருப்பதே போதுமானது. மாண்ட்ரலை ஒதுக்கிவிட்டு, நகைக்கடைகளில் மோதிர அளவு பெரிதாக்க வைத்திருக்கும் நெம்புகோல் விரிப்பானைத் தேடுங்கள். நகைக் கருவிக் கடைகளில் கிடைக்கும். ஒரே கருவியில் விரிக்கவும் சுருக்கவும் வசதியுள்ளதாகப் பார்த்தால் கால் டாலருக்கென்று இன்னொரு டை வாங்கும் செலவும் மிஞ்சும். கிட்டையே முழுதாக வாங்குவதானால் 15.9 பஞ்ச் இல்லாத இரண்டு பஞ்ச் பெட்டியும் உண்டு, விலையும் குறைவு, அதையே எடுங்கள்.